நூல் நிலையமும் விஞ்ஞான ஆராய்ச்சியும்

விஞ்ஞான ஆராய்ச்சியாளன் நூல் நிலையத்தில் முதலில் நாடுவது நூலையன்று, சஞ்சிகையையே. புதிய ஆய்வு முடிவுகள் முதலில் வெளியாவது அங்கேதான். பிற நாட்டில் முடிந்த சோதனையை அறியாதவன், அதையே மீண்டும் செய்து காலத்தை இழப்பான்.

1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1952இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தபோது, பிரதான நூல் நிலையமும் உடன் சென்றது. விஞ்ஞான பீடமோ கொழும்பிலேயே நின்றது. விஞ்ஞான நூல்கள் இங்கே இருந்தன எனினும், ஆராய்ச்சி ஒரு துறையின் வேலிக்குள் அடங்குவதில்லை. கொழும்பில் தாவரவியல் ஆராய்பவனுக்கு விவசாயச் சஞ்சிகையும் வேண்டும். விவசாய பீடமோ ஏறக்குறைய 70 மைலுக்கு அப்பால் இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகர் சீர்காழி அரங்கநாதன், முன்னர் கணித ஆசிரியராய் இருந்தவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள், வாசகரின் காலத்தைக் காத்தல் ஒன்றாகும். ஆராய்ச்சியாளனுக்கு அதனினும் பெரிய உதவி வேறில்லை.

இன்று சஞ்சிகைகள் கணினித் திரைக்கே வந்துவிட்டன. தூரம் அகன்றது, சந்தாக் கட்டணமோ புதிய மதிலாய் எழுந்துள்ளது. அம்மதிலைத் தனியொரு பல்கலைக்கழகம் தாண்டுவது அரிது. நமது நூல் நிலையங்கள் கூடி வாங்கிப் பகிர்ந்துகொள்வதே வருங்காலத்திற்கு உகந்த வழி.