கப்பலேறுவதும் தப்பிப்பதும்: பினாங்கு இந்தியரின் குடியுரிமையும் பிணை வழக்கமும்

பினாங்கின் லிட்டில் இந்தியா, தமிழர் கடைத்தெரு என வழங்கிவந்த மார்க்கெட் சாலையைச் சுற்றியமைந்த வணிகப் பகுதியாகும். 1807ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் தொடங்கிவைத்த நீதிமன்ற மரபின் இன்றைய இருப்பிடமாகிய லைட் சாலையும் அருகிலேயே உள்ளது. நாகப்பட்டினத்தில் குடும்பமும் கடைத்தெருவில் கணக்குப் பேரேடும் கொண்டு வாழ்ந்த வணிகர் ஒருவர் குற்றஞ்சாட்டப்பட்டுப் பிணை கேட்பாராயின், இவர் கப்பலேறிவிடுவாரா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. தலைமறைவாகும் அபாயம் பிணை வழங்கலில் கருதத்தக்கது என்பதை வீ ஸ்வீ சியாங் வழக்கு (1948) மலாயாவில் தெளிவுபடுத்தியது.

ஆயினும் கப்பலேறுவது வேறு, தப்பிப்பது வேறு. பேரரசுக் காலத்தில் இரு கரையினரும் ஒரே முடியின் குடிகளாகவே கருதப்பட்டனர். 1881ஆம் ஆண்டின் தப்பியோடிய குற்றவாளிகள் சட்டப்படி, ஓர் ஆட்சிப்பகுதியில் பிறந்த பிடியாணை மற்றொன்றில் மேலொப்பம் பெற்றுச் செல்லுபடியாயிற்று. பிடிபட்டவரைக் காவலில் வைக்கவும் பிணையில் விடவும் அங்குள்ள நீதிபதிக்கு அதிகாரமிருந்தது. ஒரு தொகுதியாக இணைக்கப்பட்ட ஆட்சிப்பகுதிகளுக்கிடையே நடைமுறை இன்னும் எளிது. முகாந்திரச் சான்றைக்கூட ஆராயவேண்டியதில்லை. சென்னைக்குச் செல்லும் 'ரஜூலா' கப்பலில் ஏறியவரைப் பிடியாணையும் பின்தொடரலாம் என்பதே இதன் பொருள்.

இவ்வேற்பாட்டைத் தகர்த்தது சி. ஜி. மேனன் வழக்கு. சிங்கப்பூரில் வழக்கறிஞராகத் தொழில்புரிந்த மேனனும் அவர்தம் துணைவியாரும், நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டின்பேரில் அங்கிருந்து வந்த பிடியாணைகளால் சென்னையில் கைதாகி, எழும்பூர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். முகாந்திரம் பாராது ஒப்படைப்பது சமத்துவத்திற்கு முரண் எனச் சென்னை உயர்நீதிமன்றம் கருதியது. அரசமைப்பின் 14ஆம் பிரிவு குடிமக்களை மட்டுமன்றி எவரையும் காப்பது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. 1954இல் உச்சநீதிமன்றம் வேறொரு காரணங்காட்டி அம்முடிவை உறுதிசெய்தது: குடியரசாகிய இந்தியா இனிப் பிரிட்டிஷ் உடைமையன்று, ஆகவே அச்சட்டம் இங்குப் பொருந்தாது. இந்தியா தனக்கெனக் குற்றவாளி ஒப்படைப்புச் சட்டம் இயற்றியது 1962இல்தான். எட்டாண்டுக் காலம் வங்கக் கடல் மெய்யாகவே அகன்றிருந்தது எனலாம்.

இனிக் குடியுரிமைக்கு வருவோம். விரும்பி அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவரை இந்திய அரசமைப்பின் 9ஆம் பிரிவு விலக்கியது. மலாயா அரசமைப்பின் 24ஆம் பிரிவு, அத்தகையோரின் குடியுரிமையைப் பறிக்க அரசுக்கு அதிகாரமளித்தது. பினாங்கில் மட்டும் ஒரு விந்தை. குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட பினாங்கு, மலாக்காவில் பிறந்தோர் பலர் 1957க்குப் பின்னும் பிரிட்டிஷ் குடியுரிமையை இழக்கவில்லை. 1983 முதல் அது 'கடல்கடந்த பிரிட்டிஷ் குடியுரிமை' எனப் பெயர்மாறிற்று. பிரிட்டனில் குடியிருக்கும் உரிமையை அது தரவில்லை. அதனை நம்பி மலேசியக் குடியுரிமையைத் துறந்த சிலர் பின்னர் எந்நாட்டிலும் நிலையான இடமின்றித் தவித்தனர். இரண்டாம் குடியுரிமை என்ற பெயரே புகலிடத்திற்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆதலின், பிணை மனுவில் "இவருக்கு இந்தியத் தொடர்புண்டு" எனச் சொல்லுதல் என் கருத்தில் அரைகுறை வாதமே. ஒப்படைக்கும் வழி உண்டா என்பதன்றோ முதலில் கேட்கத்தக்கது? மலேசியாவும் இந்தியாவும் 2010இல் குற்றவாளி ஒப்படைப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஒப்படைப்புக் கைதிகளுக்கும் வழக்கமான பிணை விதிகளையே பொருத்துகின்றது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நம்மவர் பலர் வைத்துள்ள 'ஓசிஐ' அட்டையோ, பெயரில் குடியுரிமை என்றிருப்பினும் நெடுங்கால விசாவிற்கு நிகரானதே. அதனை மட்டும் காட்டி விமானமேற இயலாது. மலேசியக் கடப்பிதழும் வேண்டும். அக்கடப்பிதழோ, பிணை பெற்றவர் நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டுச் செல்லுமாறு பணிக்கப்படக்கூடியது.