திருப்பி வெட்டிய எஃப்

உருளைக்கிழங்கைக் குறுக்கே வெட்டினால் வழவழப்பான ஈர முகம் ஒன்று கிடைக்கும். அதைத் துணியில் ஒற்றி எடுத்து, பிளேடு முனையால் 'ஏப்ரல் ஃபூல்' என்பதன் சுருக்கமாக 'ஏ', 'எஃப்' என்று இரண்டு ஆங்கில எழுத்துகளைச் செதுக்க வேண்டும். 'ஏ' வம்பில்லாத எழுத்து. இடம் வலம் மாறினாலும் அதே முகம். 'எஃப்'தான் ஆளைக் கவிழ்க்கும். அதைத் திருப்பிச் செதுக்க மறந்தால் சட்டையில் தப்பாக விழும். ஏமாற்றப் போனவனே ஊருக்கு ஏமாளியாவான்.

மார்ச் 31 இரவில் தமிழ்நாடு முழுக்கப் பையன்கள் செய்த கைவேலை இது. தூத்துக்குடியும் விலக்கல்ல. மறுநாள் காலை, மை தோய்த்த கிழங்கை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, தோளில் கை போடுகிற சாக்கில் முதுகில் ஒரு குத்து. "ஏலே, திரும்புலே, சட்டையில என்னது?" கிழங்கு கிடைக்காதவன் மைப் பேனாவைத் திறந்து உதறினான். பிரில் மை வெள்ளைச் சட்டையில் நீலக் கோடாக ஓடும். சாயங்காலம் அம்மாமார் எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் வைத்துத் தேய்ப்பார்கள். உப்பள ஊரில் உப்புக்கு என்ன பஞ்சம், கறைதான் போகாது.

இந்த முத்திரை எந்தக் கப்பலில் வந்தது? தூத்துக்குடியில் இப்படிக் கேட்டால் மூன்று கப்பல்களைப் பார்க்க வேண்டும். 1530-களில் பரதவர்கள் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தபோது போர்த்துக்கீசியர் இந்தக் கரையில் காலூன்றினார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். ஃபெர்னாண்டோ என்ற குடும்பப் பெயர், பனிமய மாதா திருவிழா என்று அவர்கள் காலம் விட்டுப்போனவை இன்றும் தெருவில் நடமாடுகின்றன. குறும்பு நாள் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்து டச்சுக்காரர்கள், 1658-ல். அவர்கள் நாட்டிலோ ஏப்ரல் 1-க்கு வரலாறே உண்டு. 1572-ல் அதே தேதியில் ஸ்பெயினை எதிர்த்த கலகப்படை பிரில் என்ற துறைமுக ஊரைப் பிடித்தது. அந்த வெற்றியை வைத்து ஸ்பானியத் தளபதி ஆல்பாவை இன்றும் கேலி செய்கிறார்கள். இங்கே அவர்கள் விட்டுப்போனவற்றில் அந்தக் கேலியும் இல்லை.

மூன்றாவது கப்பல் ஆங்கிலேயருடையது. 1825-ல் தூத்துக்குடி அவர்கள் கைக்கு முழுசாக வந்தது. இங்கிலாந்தில் 1686-லேயே ஜான் ஆப்ரி என்ற எழுத்தாளர் இந்த 'முட்டாள்கள் திருநாளை'க் குறித்து வைத்திருக்கிறார். 1698-ல் லண்டன் கோட்டையில் சிங்கங்களைக் குளிப்பாட்டுவதைப் பார்க்கலாம் என்று சொல்லி ஆட்களை அனுப்பிவைத்த செய்தி பத்திரிகையிலேயே வந்தது.

ஆங்கிலேயர்தான் என்பதற்கு என்னிடம் உள்ள சாட்சி முத்திரையேதான். மை, பேனா, பிளேடு எல்லாம் பள்ளிக்கூடப் பையில் கிடப்பவை. எழுத்து ஆங்கிலம். 'மு' என்று தமிழில் செதுக்க யாருக்கும் தோன்றவில்லை. தென் அமெரிக்கக் கிழங்கான உருளைகூட, 1820-களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டி மலையில் பயிரிட்ட பிறகுதான் நம் பக்கத்துக் காய்கறியானது. எனவே இது கப்பல் தளத்தில் மாலுமி ஆடிய விளையாட்டாக வந்து இறங்கவில்லை, வகுப்பறை வழியாக வந்தது என்பதே என் கட்சி. பிரெஞ்சுக்காரர்களோ ஏப்ரல் 1 அன்று காகித மீனை அடுத்தவர் முதுகில் ஒட்டுவார்கள். 1838 முதல் மதுரை மிஷனில் பிரெஞ்சு இயேசு சபைச் சாமியார்கள் இருந்தும் காகித மீன் இங்கே துள்ளவில்லை. மீனே பிழைப்பாக இருக்கிற கரையில் அதை முதுகில் ஒட்டிச் சிரிக்க யாருக்கு மனசு வரும்?

பெரியவர்களுக்கு ஏமாற ஒரு தனி நாளும் தேவைப்படவில்லை. கடல் அடங்கியிருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடக்கும். கடலடிப் பாரிலிருந்து எடுத்து வந்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இருக்காது. ஏலத்தில் எடுத்து ஓட்டாண்டியானவனும் உண்டு, ஒரே முத்தில் நிமிர்ந்தவனும் உண்டு. தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் 1961-ல் முடிந்தது.

பையன்களின் கிழங்கு முத்திரையை முடித்து வைத்தது பால்பாயிண்ட் பேனா. உதறினால் தெறிக்காத பேனாவை வைத்துக்கொண்டு ஒரு பையன் என்ன செய்வான்? மைப்புட்டி வீட்டைவிட்டுப் போனதும் கிழங்கு பொரியலுக்கே திரும்பிவிட்டது.

இப்போது சுற்றுவது வாட்ஸ்அப் செய்தி. சித்திரையில் புத்தாண்டு கொண்டாடிய நம்மைக் கேலி செய்யவே ஆங்கிலேயன் இந்த நாளை உண்டாக்கினான் என்கிறது அது. இதற்கு ஒரு பிரெஞ்சு அண்ணனும் உண்டு: 1564-ல் பிரான்ஸ் அரசர் புத்தாண்டை ஜனவரிக்கு மாற்றினார், பழசை விடாதவர்களை ஊர் கேலி செய்தது என்ற கதை. ஆனால் எட்வர்ட் டி டெனே என்ற ஃபிளாண்டர்ஸ் கவிஞர், ஏப்ரல் 1 அன்று எஜமான் வேலைக்காரனை வீண் வேலைக்கு அலையவிடுவதை 1561-லேயே பாட்டாக எழுதிவிட்டார். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்ததே 1600-ல்தான். இருந்தும் வருஷா வருஷம் அந்தச் செய்தி வந்து சேர்கிறது, அதுவும் சரியாக ஏப்ரல் 1 காலையில்.