இரண்டாயிரம் ரூபாய்ச் சமரசம்

கணவன் மனைவியரிடையே பிணக்கு முற்றினால், பெரியவர்களை அழைத்துத் திண்ணையில் அமர்ந்து பேசுவது நம் ஊர் வழக்கம். மும்பையிலும் தில்லியிலும் குடியேறிய நமக்கு அத்திண்ணை எட்டாத தொலைவில் இருக்கிறது. அதன் பணியை இன்று நீதிமன்றத்தைச் சார்ந்த சமரச மையங்கள் ஏற்றிருக்கின்றன. அந்நிலை வந்த வரலாற்றை, பம்பாயில் நடந்த பழைய வழக்கு ஒன்றிலிருந்து தொடங்குவோம்.

ருக்மாபாய்க்குப் பதினோராம் வயதில் தாதாஜி பிகாஜி என்பவருடன் மணம் நடந்தது. அவர் கணவர் வீட்டுக்குச் செல்லாமலே வளர்ந்து, கல்வியில் நாட்டம் கொண்டார். மனைவி தம்முடன் வாழ வரவேண்டும் என்று 1884-இல் தாதாஜி வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு நீதிபதி பின்ஹே அதனைத் தள்ளினார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. கணவரிடம் செல்லவேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று 1887 மார்ச்சில் ஆணை பிறந்தது. சிறையே மேல் என்றார் ருக்மாபாய். முடிவில், 1888-இல் இரு தரப்பாரும் இணங்கினர். தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு தம் உரிமையைக் கைவிட்டார். ருக்மாபாய் இலண்டனில் பயின்று 1894-இல் மருத்துவரானார். சூரத் நகரில் நெடுங்காலம் பணியாற்றினார்.

நீதிமன்றம் முடிக்க இயலாததை இணக்கம் முடித்துவைத்தது. ஆயினும் அதனை முழு நீதி என்று நாம் போற்ற இயலுமா? மணவிலக்குக் கோர அப்பெண்ணுக்குச் சட்டத்தில் வழியில்லை. விடுதலைக்கு விலை கொடுக்க நேர்ந்தது. சட்டத்தின் துணையற்ற சமரசத்தில் எளியவரே விட்டுக்கொடுக்க வேண்டியதாகிறது.

அத்துணை மெல்ல மெல்லவே வந்தது. இந்துக்களுக்கு மணவிலக்கு உரிமையைப் பரோடா சமஸ்தானம் 1931-இலும், பம்பாய் மாகாணம் 1947-இலும், சென்னை மாகாணம் 1949-இலும் வழங்கின. 1955-இல் இந்து திருமணச் சட்டம் பிறந்தது. ருக்மாபாய் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. தம்பதிகளை இணக்கப்படுத்த நீதிபதி முயலவேண்டும் என்று அச்சட்டம் பணித்தது. இருவரும் மனமொத்துப் பிரியும் வழியை 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் திறந்தது. 1984-இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் இயற்றப்பட்டது. 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கிற்று. மணவாழ்க்கைப் பிணக்குகளைத் தொடக்கத்திலேயே சமரசத்துக்கு அனுப்புமாறு 2013-இல் உச்ச நீதிமன்றம் குடும்ப நீதிமன்றங்களைப் பணித்தது.

மத்தியஸ்தர் தீர்ப்பு வழங்குபவர் அல்லர். குழந்தை யாரிடம் வளர்வது, ஜீவனாம்சம் எவ்வளவு, நகையும் பாத்திரமும் யாருக்கு என்பவற்றைத் தம்பதிகளே பேசி முடிவுசெய்ய அவர் துணைநிற்கிறார். அங்கே பேசியதைப் பின்னர் வழக்கில் சாட்சியமாக்க இயலாது. இணக்கம் ஏற்பட்டால் எழுத்தில் வடித்து இருவரும் கையொப்பமிடுவர். மணவிலக்கை அளிப்பது நீதிமன்றமே. இணக்கம் ஏற்படாவிடில் வழக்கு மீண்டும் நீதிபதியிடம் செல்லும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பெண்கள் அறியவேண்டியது மற்றொன்றும் உண்டு. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இந்து திருமணச் சட்டத்தின்கீழ் மனைவி தாம் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். தாலி கட்டிய ஊருக்கு அலைய வேண்டுவதில்லை.

அடியும் அச்சுறுத்தலும் உள்ள இல்லத்தில் முதலில் வேண்டுவது பாதுகாப்பு. பேச்சு அதன் பின்னரே. அஞ்சியவர் இடும் கையொப்பம் இணக்கம் ஆகாது. மறுக்கும் உரிமை உள்ளவர் மனமுவந்து சம்மதிப்பதே சமரசம். ருக்மாபாய்க்குக் கிட்டாத அவ்வுரிமை இன்று நம்மிடம் இருக்கிறது. அதனை அறிந்த பின்னரே பேச்சுக்கு அமர்வோமாக.