காதல் விளையாட்டு எனப்பட்ட கரணம்

பறந்துகொண்டிருக்கும்போதே வானில் பின்புறமாகக் குட்டிக்கரணமடிக்கும் புறாவைத் தமிழகத்துப் புறா வளர்ப்போர் கர்ணப் புறா என்பர். கரணம் என்னும் சொல்லே இவ்வாறு மருவிற்று எனக் கருத இடமுண்டு. இத்தகைய புறாக்களைப் பற்றிய இந்தியக் குறிப்புகளுள் விரிவானதொன்று, அபுல் பசல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய அயினி அக்பரியில் காணப்படுகிறது.

இளமையில் புறா பறக்கவிடுவதில் திளைத்த அக்பர், இடையில் அதனைக் கைவிட்டுப் பின்னர் மீண்டும் மேற்கொண்டார். அவர் இதற்கு இட்ட பெயர் இஷ்க்பாஸி. காதல் விளையாட்டு என்பது அதன் பொருள். அவரிடம் 20,000க்கு மேற்பட்ட புறாக்கள் இருந்தன. பாசறை இடம்பெயருங்கால் அவையும் உடன் சென்றன. ஈரான், தூரான் மன்னர்கள் அரிய பறவைகளை அனுப்பினர். கான் அசம் கோகாவிடமிருந்த நீலநிறப் புறா ஒன்று, பேரரசரின் கைக்கு வந்து, மோகனா என்னும் பெயருடன் தலைமைப் புறாவாயிற்று. முழுவட்டமாகச் சுழன்று புரள்வது சர்க். மல்லாந்து விரைந்து திரும்புவது பாஸி. தேர்ந்த புறா 15 சர்க்கும் 70 பாஸியும் செய்யும் என்கிறார் அபுல் பசல். வரிக்கணக்கும் படைக்கணக்கும் எழுதிய கை, கரணங்களையும் எண்ணி எழுதியிருக்கிறது!

அதே நூல் லோட்டன் என்னும் மற்றோர் இனத்தையும் சுட்டுகிறது. அது புரள்வது வானிலன்று, தரையில். கையிலெடுத்துச் சற்றே குலுக்கிக் கீழே விட்டால் உருளத் தொடங்கும். எடுத்து முகத்தில் ஊதி ஆற்றுப்படுத்தினாலன்றி நிற்காது. விட்டுவிட்டால் உருண்டுருண்டே உயிர் துறக்கும் என்று 1868இல் சார்லசு டார்வின் எழுதினார். மோகனாவின் கரணத்துக்குக் காதல் விளையாட்டு என்னும் பெயர் பொருந்தலாம். லோட்டனுக்கு அப்பெயர் எங்ஙனம் பொருந்தும்? காதலும் விளையாட்டும் காண்போருக்கே உரியன. உருளும் உயிருக்கு அது நோய். புறாவைப் பாடும் கவிஞர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

டார்வினின் புறா ஆய்வுக்குச் சென்னையும் துணைநின்றது. அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்த வால்டர் எலியட் இங்கிருந்து புறாத் தோல்களை அவருக்கு அனுப்பினார். 1770ஆம் ஆண்டுப் பாரசீகப் புறா நூலொன்றின் மொழிபெயர்ப்பும் அவர்வழியே டார்வினுக்குக் கிடைத்தது. அபுல் பசல் கண்ட லோட்டன் இரண்டரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவ்வாறே உருண்டமை, இவ்வியல்பு வழிவழி வருவது என்பதற்குச் சான்றாயிற்று. கரணத்தை எவரும் புறாவுக்குக் கற்பித்திலர். ஏதோ ஒரு பறவையிடம் சிறிதளவு தோன்றிய இயல்பை மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தனர் என்பது டார்வினின் முடிபு. அத்தேர்வு எவ்வளவு தூரம் சென்றது என்பதற்குக் கிளாசுகோ நகரை அடுத்து வளர்க்கப்பட்ட வீட்டுக் கரணப் புறாக்களை அவர் காட்டுகிறார். அவற்றால் குப்புற உருளாமல் ஒன்றரை அடி உயரங்கூடப் பறக்க இயலவில்லை.