ஏட்டில் மறைந்த விமானிகள்

டில்லியில் 1985-ஆம் ஆண்டில் மறைந்த சர்தார் ஹர்தித் சிங் மாலிக்கை, கனடாவில் நம் ஹைகமிஷனராகவும் பிரான்ஸில் தூதராகவும் பணியாற்றிய பெரியவர் என்றே பலர் அறிவர். ஜெர்மானியத் தோட்டாக்கள் இரண்டு அவர் காலில் இறுதிவரை தங்கியிருந்தன என்பதை அறிந்தவர் சிலரே.

முதல் உலகப் போரின்போது அவர் ஆக்ஸ்போர்டு மாணவர். ஆங்கிலேய விமானப் படையில் அவருக்கு முதலில் இடம் கிடைக்கவில்லை. பிரெஞ்சு விமானப் படையில் சேரப் போவதாக அவர் தம் ஆசிரியருக்குத் தெரிவிக்கவே, ஆசிரியர் ஜெனரல் ஹென்டர்சனுக்கு எழுதினார். பிறகே 1917-இல் இடம் கிடைத்தது. தலைப்பாகையைக் களையாமல், அதன்மேல் பெரிய கவசம் அணிந்து பறந்தார் மாலிக். அவ்வாண்டு அக்டோபர் 26-ஆம் நாள் நிகழ்ந்த வான்போரில்தான் அத்தோட்டாக்கள் அவர் காலில் பாய்ந்தன.

மாலிக் உயிருடன் திரும்பினார்; தம் கதையைத் தாமே எழுதியும் வைத்தார். பம்பாயைச் சேர்ந்த வெலிங்கருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. கேம்பிரிட்ஜில் பயின்ற இவ்விளைஞர் 1918 ஜூன் மாதத்தில் பறந்து சென்றவர் திரும்பவில்லை. குடும்பத்தார் விசாரித்தவண்ணம் இருந்தனர். போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பிறகே பிரான்ஸில் அவர் கல்லறை அடையாளம் காணப்பட்டது. எதிரிகள் அவரை உரிய முறையில் அடக்கம் செய்திருந்தனர். பெயரை மட்டும் பிழைபட எழுதிவிட்டனர்! எழுத்துப் பிழை ஒன்று ஒரு தாயின் கண்ணீரை எத்தனை காலம் நீட்டிவிடுகிறது!

இங்கேதான் தமிழர்களாகிய நாம் சற்று நின்று எண்ண வேண்டும். ஆங்கிலேயர் ஏட்டில் குடும்பப் பெயரே முதலில் நிற்கும். நமக்கோ குடும்பப் பெயர் என்பதே இல்லை. ஊரும் தந்தையும் இரண்டு முதலெழுத்துக்களில் அடங்கிவிடுவர். கும்பகோணம் சுப்பையர் ராமசாமி என்று ஒருவர் இருந்தால், எழுத்தர் அவரைக் கும்பகோணம் என்ற பெயரில் பதிந்திருக்கலாம். ஐயர் என்றும் பதிந்திருக்கலாம். பின்னதாயின் ஓர் அக்கிரகாரமே அவருக்கு உறவாகிவிடும்! ழகரம் அவர்கள் கையில் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? ஆகவே முன்னோரைத் தேடப் புகுவோர் ஒரே பெயரை ஐந்தாறு வகையாக எழுதிப் பார்த்தல் நலம்.

முதல் உலகப் போரின் அதிகாரிகள் பற்றிய ஏடுகளும், படைப் பிரிவுகள் அன்றாடம் எழுதிய குறிப்பேடுகளும் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நம் நகரில் ஜனபத் சாலையிலும் தேசிய ஆவணக் காப்பகம் உண்டு. இந்திய விமானப் படை பிறந்ததோ 1932 அக்டோபர் 8-ஆம் நாள். எனவே இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பறந்தவர்களை அப்படையின் ஏடுகளில் தேட வேண்டும். பாட்டனார் காலத்தையும் கொள்ளுப்பாட்டனார் காலத்தையும் குழப்பிக்கொண்டால் வீண் அலைச்சலே மிஞ்சும்.

ஆயினும் முதல் தடயம் வீட்டில்தான் கிடைக்கும். முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பறப்பின் நாளையும் நேரத்தையும் விமானி தம் கையாலேயே எழுதிய பதிவேடு அதனினும் அரியது. ஆனால் அரசாங்கக் குடியிருப்பைக் காலி செய்து சென்னைக்கு மூட்டை கட்டும் நாளில், பழைய டிரங்குப் பெட்டிக்கு லாரியில் இடம் இருப்பதில்லை. கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் எத்தனை பெட்டிகள் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போயினவோ!

சீருடையில், மார்பில் சிறகுச் சின்னத்துடன் ஒருவர் நிற்கும் புகைப்படம் எந்த அன்பர் இல்லத்திலாவது இருக்குமாயின், அதன் பின்புறத்தைப் பார்த்து, அவர் பெயரை வீட்டுப் பாட்டியிடம் இன்றே கேட்டு எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம். படத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து காட்டினால் அடுத்த மலரில் மகிழ்வுடன் வெளியிடுவோம்.