கரிமம் குறைந்த சிமெண்ட்

கரிமம் குறைந்த சிமெண்ட் என்பது வழக்கமான போர்ட்லண்ட் சிமெண்டைக் காட்டிலும் குறைந்த அளவு கரியமில வாயுவை வெளியிட்டு உருவாக்கப்படும் பிணைப்புப் பொருட்களைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். சிமெண்ட் தமிழில் சீமைக்காரை, சீமெந்து எனவும் வழங்கப்படுகின்றது. நிலக்கரிச் சாம்பல், இரும்பு உலைக் கசடு, சுட்ட களிமண் ஆகியவை கலந்த சிமெண்டுகளும், காரத்தால் இறுகும் கலவைகளும் இவ்வகையில் அடங்கும். மரபுவழிச் சுண்ணாம்புச் சாந்தும் சில இடங்களில் மாற்றுப் பொருளாகக் கருதப்படுகின்றது.

பின்னணி

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904 இல் சென்னையில் நடைபெற்றது. கிளிஞ்சல்களை மூலப்பொருளாகக் கொண்ட அம்முயற்சி நீடிக்கவில்லை. இன்று சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இந்தியா உள்ளது. உலகின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 400 கோடி டன் ஆகும். மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலில் இருந்து வருவதாக மதிப்பிடப்படுகின்றது.

சிமெண்டின் முதன்மைக் கூறு கிளிங்கர் ஆகும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுழல் உலையில் சுமார் 1450 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டு இது பெறப்படுகின்றது. இதில் கரியமில வாயு இரு வழிகளில் வெளியாகின்றது.

1. உலையைச் சூடாக்க எரிக்கப்படும் நிலக்கரி முதலிய எரிபொருள்களில் இருந்து.
2. சுண்ணாம்புக்கல் சிதைவதில் இருந்து. தூய சுண்ணாம்புக்கல் 1000 கிலோகிராம் சுடப்பட்டால் 560 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். மீதி 440 கிலோகிராம் கரியமில வாயுவாக வெளியேறும்.

மொத்த வெளியீட்டில் பாதிக்கும் மேல் இரண்டாம் வழியில் வருவதாகும். எனவே, உலையைச் சூரிய ஆற்றலாலோ காற்றாலை மின்சாரத்தாலோ இயக்கினாலும் இந்தப் பங்கு குறையாது. கிளிங்கரின் அளவைக் குறைப்பதே எளிய தீர்வாகக் கருதப்படுவதற்கு இதுவே காரணம் ஆகும்.

வகைகள்

சாம்பல் கலந்த சிமெண்ட்

அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்தபின் புகையில் இருந்து பிரிக்கப்படும் நுண்ணிய சாம்பல், கிளிங்கருடன் சேர்த்து அரைக்கப்படுகின்றது. சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது உண்டாகும் கால்சியம் ஐதராக்சைடுடன் சாம்பலில் உள்ள சிலிக்கா வினைபுரிந்து கூடுதல் பிணைப்பைத் தருகின்றது. இத்தகைய பொருட்கள் இத்தாலியின் பொசுவோலி என்னும் ஊர்ப் பெயரால் பொசோலானா எனப்படுகின்றன. அவ்வூரின் எரிமலைச் சாம்பலை உரோமானியர் சுண்ணாம்புடன் கலந்து கட்டடங்களில் பயன்படுத்தினர். கடைகளில் பி.பி.சி. என்ற பெயரில் விற்கப்படும் மூட்டைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை ஆகிய இடங்களின் அனல் மின் நிலையங்களில் சாம்பல் கிடைக்கின்றது.

கசடு கலந்த சிமெண்ட்

இரும்பு ஊதுலையில் உருகிய நிலையில் வெளிவரும் கசடு நீரால் திடீரெனக் குளிர்விக்கப்பட்டு, மணல் போன்ற குருணையாக மாறுகின்றது. இதனை அரைத்துக் கலந்த சிமெண்ட் உப்புநீரையும் சல்பேட்டையும் நன்கு தாங்கும். ஆகையால் கடலோரக் கட்டுமானங்களுக்கு ஏற்றது.

சுண்ணாம்புக்கல் - சுட்ட களிமண் சிமெண்ட்

இது சுருக்கமாக எல்.சி.3 எனப்படுகின்றது. இதன் பொதுவான கலவை பின்வருமாறு:

- கிளிங்கர் - 50 விழுக்காடு
- சுட்ட களிமண் - 30 விழுக்காடு
- சுடாத சுண்ணாம்புக்கல் தூள் - 15 விழுக்காடு
- ஜிப்சம் - 5 விழுக்காடு

கயோலினைட்டு மிகுந்த களிமண் 700 முதல் 850 பாகை வெப்பத்தில் சுடப்படுகின்றது. இவ்வெப்பம் கிளிங்கருக்குத் தேவையானதில் ஏறத்தாழ பாதியே ஆகும். களிமண் சுடப்படும்போது வெளியேறுவது பெரும்பாலும் நீராவியே. சுண்ணாம்புக்கல் தூள் சுடப்படாமலேயே சேர்க்கப்படுவதால் அதில் அடங்கிய கரியமில வாயு கல்லிலேயே தங்கிவிடுகின்றது. இவற்றால் மொத்த வெளியீடு 30 முதல் 40 விழுக்காடு வரை குறைகின்றது. மட்பாண்டத்துக்கு உதவும் மிகத் தூய வெண்களிமண் இதற்குத் தேவையில்லை. நடுத்தரக் களிமண்ணே போதுமானது.

சுவிட்சர்லாந்தின் இலோசான் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கரேன் இசுக்கிரிவனர், கியூபாவின் லாசு வில்லாசு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னாண்டோ மார்டிரேனா ஆகியோர் இவ்வாய்வில் முன்னின்றவர்கள். முதல் தொழிற்சாலைச் சோதனை 2013 இல் கியூபாவில் நடைபெற்றது. இந்தியாவில் தில்லி, மும்பை, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் இதில் பங்கேற்றன.

புவிப்பல்லுறுப்பி

சாம்பல் அல்லது கசடை சோடியம் ஐதராக்சைடு, சோடியம் சிலிகேட்டு ஆகிய காரங்களால் இறுகச் செய்யும் கலவை ஜியோபாலிமர் அல்லது புவிப்பல்லுறுப்பி எனப்படுகின்றது. இப்பெயரை 1970களில் பிரான்சின் ஜோசப் டாவிடோவிட்சு சூட்டினார். இதில் கிளிங்கர் தேவைப்படுவதில்லை. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இத்துறையில் ஆய்வுகள் செய்துள்ளது. காரக் கரைசலைக் கையாள்வதில் கவனம் தேவை என்பதால், வீட்டுவேலையைக் காட்டிலும் தொழிற்சாலையில் வார்க்கப்படும் கற்களுக்கும் பாளங்களுக்கும் இது பொருத்தமானது.

சுண்ணாம்பும் சுர்க்கியும்

சுண்ணாம்புக்கல்லை அல்லது கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீரில் நீற்றி, மணலுடன் அரைத்துப் பெறப்படுவது சுண்ணாம்புச் சாந்து ஆகும். சுமார் 900 பாகை வெப்பமே இதற்குப் போதும். சுவரில் பூசப்பட்ட சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகின்றது. இவ்வாறு காளவாயில் கல்லில் இருந்து வெளியேறிய வாயுவின் பெரும்பகுதி திரும்பப் பெறப்படுகின்றது. ஆனால் எரிபொருளில் இருந்து வெளியான வாயு திரும்புவதில்லை. எனவே சுண்ணாம்பு முற்றிலும் கரிமமற்றது எனக் கூறுவது சரியன்று.

சுண்ணாம்புடன் செங்கல் தூளைச் சேர்த்த கலவை சுர்க்கி எனப்படும். ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887 முதல் 1895 வரை கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு - சுர்க்கிக் கலவையால் ஆனது. செங்கல் தூள் என்பது சுட்ட களிமண்ணே என்பதால், எல்.சி.3 சிமெண்டும் சுர்க்கியும் ஒரே வேதியியல் கொள்கையைச் சார்ந்தவை எனலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில்

1974 ஆம் ஆண்டு சனவரி 14 அன்று உருவான புதுக்கோட்டை மாவட்டம், சிமெண்டுக்கு முந்தைய கட்டட மரபுகளின் சான்றுகள் பலவற்றைக் கொண்டது. சித்தன்னவாசல் குடைவரையின் ஓவியங்கள் பாறையின் மேல் பூசப்பட்ட சுண்ணாம்புக் காரையின் மீது தீட்டப்பட்டவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்காரையின் பகுதிகள் இன்றும் நிலைத்துள்ளன.

மாவட்டத்தின் தென்பகுதி செட்டிநாட்டைச் சேர்ந்தது. இராயவரம், நச்சாந்துபட்டி, கோனாபட்டு, மேலைச்சிவபுரி முதலிய ஊர்களில் நகரத்தார் கட்டிய பெரும் வீடுகள் உள்ளன. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சு பல அடுக்குகளாக இடப்பட்டது. நன்கு அரைத்த சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம் ஆகியவற்றுடன் இறுதிப் பூச்சில் முட்டையின் வெண்கருவும் சேர்த்து மெருகேற்றப்பட்டது. பளிங்கு போன்ற இப்பூச்சு வெயில் காலத்திலும் குளிர்ச்சியாக இருக்கும். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 இல் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. இத்தகைய பழஞ்சுவர்களைச் சிமெண்டால் பழுதுபார்ப்பது தீங்கு விளைவிக்கும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியேற விடாது. உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் பழைய செங்கல்லை அரித்துவிடும்.

மறுபுறம், சிமெண்டின் தேவையையும் இம்மாவட்டம் உணர்ந்துள்ளது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இங்குள்ள கூரை வீடுகளையும் ஓட்டு வீடுகளையும் பெருமளவில் சிதைத்தது. குடிசையில் வாழ்வோருக்குக் கான்கிரீட் கூரை என்பது உயிர்ப் பாதுகாப்பு ஆகும். தமிழ்நாடு அரசு 2024 இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030 ஆம் ஆண்டுக்குள் ஊரகப் பகுதிகளில் 8 இலட்சம் கான்கிரீட் வீடுகளைக் கட்ட இலக்கு கொண்டது. ஆகவே, கட்டுமானத்தைக் குறைப்பதன்று, ஒவ்வொரு மூட்டையிலும் உள்ள கிளிங்கரைக் குறைப்பதே இங்கு பொருந்தும் வழி ஆகும்.

மாவட்டத்துக்கு வடக்கே அரியலூர், டால்மியாபுரம் பகுதிகளில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உள்ளன. டால்மியாபுரம் ஆலை 1939 இல் தொடங்கப்பட்டது. கிளிங்கரின் அளவு குறைந்தால் ஒரு டன் சிமெண்டுக்குத் தோண்டப்படும் கல்லின் அளவும் குறையும். கந்தர்வகோட்டை வட்டாரத்தில் செம்புரை மண் காணப்படுகின்றது. செம்புரை மண்ணில் பொதுவாகக் கயோலினைட்டுக் களிமண் இருக்கும். எனினும் எந்த மண்ணும் ஆய்வகச் சோதனைக்குப் பின்னரே சிமெண்டுக்கு ஏற்றதா என முடிவு செய்யப்படும்.

நடைமுறைச் சிக்கல்கள்

- தொடக்க வலிமை: சாம்பல் கலந்த சிமெண்ட் முதல் நாட்களில் மெதுவாகவே வலிமை பெறும். அதனால் முட்டுப்பலகைகளைப் பிரிப்பதில் அவசரம் கூடாது.
- நீராற்றுதல்: ஐ.எஸ். 456 தரப்படி, சாதாரண சிமெண்ட் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்களும், கலப்புச் சிமெண்ட் கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாட்களும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். வறண்ட வெப்பச் சூழலில் இது முறையே 10, 14 நாட்கள் ஆகும். கோடையில் தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊர்களில் இது கூடுதல் செலவாகும். நீராற்றுதல் குறைந்தால் சுவரும் கூரையும் வெடிப்பு காணும்; பழி சிமெண்டின் மேல் விழும்.
- மூலப்பொருள்: நிலக்கரி மின் உற்பத்தி குறையும்போது சாம்பலும், ஊதுலைகள் குறையும்போது கசடும் குறையும். களிமண் பரவலாகக் கிடைப்பதே எல்.சி.3 மீது கவனம் திரும்பியதற்குக் காரணம் ஆகும்.
- நிறம்: இரும்பு மிகுந்த களிமண் சேர்ந்தால் சிமெண்ட் செந்நிறம் பெறக்கூடும். இது வலிமையைப் பாதிப்பதில்லை எனினும், சாம்பல் நிறத்துக்குப் பழகியவர்கள் தரக்குறைவு என எண்ணுவர்.
- சுண்ணாம்பின் எல்லை: சுண்ணாம்புச் சாந்து மெல்ல இறுகுவது, கம்பி கட்டிய கூரைக்கும் தூணுக்கும் ஏற்றதன்று. சுவர் கட்டவும் பூசவும் மட்டுமே பயன்படும். இதில் தேர்ந்த கொத்தனார்களும் குறைந்து வருகின்றனர்.

இந்தியத் தரங்கள்

- ஐ.எஸ். 1489 பகுதி 1: சாம்பல் கலந்த சிமெண்ட். சாம்பல் 15 முதல் 35 விழுக்காடு.
- ஐ.எஸ். 455: கசடு கலந்த சிமெண்ட். கசடு 25 முதல் 70 விழுக்காடு.
- ஐ.எஸ். 16415: சாம்பலும் கசடும் சேர்ந்த கூட்டுச் சிமெண்ட் (2015).
- ஐ.எஸ். 17452: காரத்தால் இறுகும் கான்கிரீட் முன்வார்ப்புப் பொருட்களுக்கான வழிகாட்டி (2020).
- ஐ.எஸ். 18189: சுண்ணாம்புக்கல் - சுட்ட களிமண் சிமெண்ட் (2023).

அரசுப் பணிகளின் ஒப்பந்தங்களில் பொதுவாகத் தரம் வகுக்கப்பட்ட பொருட்களே ஏற்கப்படுவதால், 2023 ஆம் ஆண்டுத் தரம் எல்.சி.3 சிமெண்டின் பரவலுக்கு முக்கியமான படியாகக் கருதப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

- சுண்ணாம்பு
- கான்கிரீட்
- செட்டிநாடு
- சித்தன்னவாசல்
- முல்லைப் பெரியாறு அணை
- புவி சூடாதல்