காரில் எவ்வளவு ஏற்றலாம்? போடிமெட்டு இறங்கும் முன் பார்க்க வேண்டிய 2 எண்கள்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு கிளம்புகிறவர்கள் கேட்பது, "வண்டி ஏறுமா?" ஏறிடும். கேட்க வேண்டியது, "இறங்கும்போது நிக்குமா?"

உங்கள் ஆர்.சி.யை எடுங்கள். அன்லேடன் வெயிட் என்பது வெறும் வண்டியின் எடை. டிரைவர் எடைகூட அதில் சேராது. லேடன் அல்லது கிராஸ் வெயிட் என்பது ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி தாண்டக் கூடாத மொத்த எடை. கார்டில் இல்லையென்றால் ஓனர் மேனுவலில் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய லோடு.

உதாரணமாக 950 கிலோ, 1,375 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 425. 70 கிலோ வீதம் 5 பேர் என்றால் 350. மிச்சம் 75 கிலோ. நாலு பெட்டி, கூரை மேல் கேரியர், திரும்பும்போது ஒரு வாழைத்தார்... அவ்வளவுதான், முடிஞ்சது. 5 சீட் இருக்கிறது என்பதற்காக 5 பேரோடு டிக்கியையும் நிரப்பலாம் என்று அர்த்தமில்லை.

ஏற்றத்தில் எடை கூடினால் இன்ஜின் திணறிக் காட்டிக்கொடுத்துவிடும். இறக்கத்தில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. போடிமெட்டிலிருந்து அடிவாரம்வரை ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். 10% எடை கூடினால், அடக்க வேண்டிய ஆற்றலும் 10% கூடும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பேட் சூடேறிப் பிடிப்பு குறையும். லோ கியரில் இறங்கச் சொல்வது இதனால்தான். சுமையில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும்.

வழியில் நின்றுபோன காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா? இடைவெளி 5 மீட்டர், வேகம் 25 கி.மீ. தாண்டக் கூடாது என்கிறது விதி. மலைச் சாலையில் அதுகூட வேண்டாம். இன்ஜின் ஓடாத காரில் பிரேக் கல்லாய் இறுகிவிடும். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? வாளையார் வழியே பாலக்காடு போகும் 2 ஆக்சில் லாரிக்கான மொத்த எடை வரம்பு, 2018-இல் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. எடை வரம்பைத் தாண்டினால், 2019 திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். எடை போட மறுத்தால் 40,000.

இப்போது தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளைப் பாருங்கள். வாடகை வண்டியில் அனுமதிக்கு மேல் ஆள் ஏற்றினால் 194ஏ பிரிவின்படி தலைக்கு 200 ரூபாய். 10 பேர் கூடுதல் என்றால் 2,000. பிரேக்குக்கோ அது 600 கிலோ, மூட்டையானாலும் மனுஷனானாலும். கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யாமல் ஜீப் நகரக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அபராதத்தைவிட அதுதான் கடுமையான விதி.